பிரிட்டன் அரச குடும்பத்தில் யாரை மக்களுக்குப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் மன்னருக்கு ஆட்சி அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், நாட்டை நடத்துவது பிரதமர். மக்கள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் முடியாட்சியைக் காப்பாற்ற வேறு எதுவும் கிடையாது. அதனால்தான் அங்கே ‘யாரை மக்களுக்குப் பிடிக்கிறது’ என்பது வெறும் வம்புப் பேச்சாக இல்லாமல் அரசியல் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. பார்த்ததும் ஈர்க்கும் முகம் வேறு, பல ஆண்டுகள் கழித்தும் நிற்கும் மதிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் அந்தக் குடும்பத்தைப் பற்றிய பல செய்திகள் நமக்குக் குழப்பமாகத் தெரிகின்றன.

இப்போது அதிக செல்வாக்கு யாருக்கு?

சில ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்புகளில் முன்வரிசையில் நிற்பவர்கள் மூன்று பேர்: மன்னரின் மூத்த மகன் இளவரசர் வில்லியம், அவர் மனைவி கேத்தரின், மன்னரின் தங்கை இளவரசி ஆன். மன்னர் சார்லஸ் இவர்களுக்குப் பின்னால் வருகிறார். ராணி கமிலா அவருக்கும் பின்னால். மன்னரின் இளைய மகன் ஹாரியையும் அவர் மனைவி மேகனையும் பிடிக்காதவர்கள் பிரிட்டனில் பிடித்தவர்களைவிட அதிகம். மன்னரின் தம்பி ஆண்ட்ரூ கடைசியில் இருக்கிறார், அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையில் பெரிய பள்ளம்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

யூகவ், இப்சோஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ‘இவரைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணமா, கெட்ட எண்ணமா’ என்று கேட்கின்றன. நல்ல எண்ணம் உள்ளவர்களின் விழுக்காட்டிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் செய்திகளில் அடிபடும் எண்.

‘நாட்டுக்கு முடியாட்சி தேவையா’ என்பது தனிக் கேள்வி. பொதுவாகப் பத்தில் ஆறு பேர் தேவை என்கிறார்கள், நான்கில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டும் என்கிறார். ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். 65 வயதைத் தாண்டியவர்களிடம் ஆதரவு மிக அதிகம், 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பாதிகூட இல்லை. வில்லியமைப் பிடிக்கும் ஒருவர் முடியாட்சி வேண்டாம் என்று சொல்லலாம், அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். முடியாட்சி மிக முக்கியம் என்று கருதுவோரின் பங்கு 1980களில் இருந்ததைவிட இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

எலிசபெத் ராணி பேச்சிலோ சிரிப்பிலோ பெரிய கவர்ச்சி காட்டியவர் இல்லை. பிறகு எப்படி 70 ஆண்டுகள் அந்த மதிப்பு?

அவர் கவர்ச்சியை நம்பவே இல்லை, வருகையை நம்பினார். 1952 பிப்ரவரியில் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 25. 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் மாளிகையில் லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தபோது 96. அந்தப் படத்தில் கையில் ஊன்றுகோல் இருக்கும், வலது புறங்கை கன்றிப்போயிருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். இரண்டு நாளில் அவர் இறந்துவிட்டார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை வேலை செய்தார் என்பது மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது.

பளிச்சென்ற ஒரே நிற உடையும் தொப்பியும் அணிந்தது அழகுக்காக மட்டும் இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் ‘அதோ ராணி’ என்று தெரிய வேண்டும். மழை நாளில் உள்ளே இருக்கும் முகம் தெரியும்படி கண்ணாடி போன்ற குடை பிடிப்பார். சொந்தக் கருத்தை வெளியே சொல்லமாட்டார், பேட்டி கொடுக்கமாட்டார். அதனால் இடதுசாரியும் வலதுசாரியும் அவர் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. 1966 அக்டோபரில் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். ராணி அங்கே போனது எட்டு நாள் கழித்துத்தான். அந்தத் தாமதம் பலரை உறுத்தியது. ஆனால் பிறகு அவர் அந்தக் கிராமத்தை மறக்கவில்லை, பல ஆண்டுகள் கழித்தும் மீண்டும் மீண்டும் போனார்.

2021 ஏப்ரலில் கணவர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. கொரோனா விதிப்படி 30 பேருக்கு மட்டும்தான் அனுமதி. தேவாலய இருக்கை வரிசையில் கறுப்பு உடையும் முகக்கவசமும் அணிந்து அவர் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அதே சடங்குக்கு முந்தின இரவு பிரதமர் அலுவலகத்தில் ஊழியர்கள் விருந்து நடத்தியது பின்னால் தெரியவந்தபோது, அந்தப் படத்தை நாடே மறுபடி எடுத்துப் பார்த்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. 2022-இல் அவர் உடலைப் பார்க்க வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். தேம்ஸ் கரையில் வரிசை பல கிலோமீட்டர் நீண்டது. கால்பந்து வீரர் டேவிட் பெக்காமும் குறுக்கு வழி தேடாமல் பன்னிரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்.

மக்களோடு கைகுலுக்கிக்கொண்டே நடந்து வருகிறார்களே, அது எப்போது தொடங்கியது?

1970-இல், நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தின்போது. அதற்கு முன் ராணி காரில் வருவார், இறங்கி மேயரையும் அவர் மனைவியையும் சந்திப்பார், சாதாரண ஜனம் தூரத்தில் நின்று கையசைக்கும். அந்தப் பயணத்தில்தான் தெருவில் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற யாரோ ஒருவரோடு பேசினார். இன்று இதுதான் அவர்கள் வேலையின் பெரும்பகுதி.

அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தெருவின் இரு பக்கமும் இரும்புத் தடுப்பு. கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம். ஒருவருக்குச் சில நொடிகள்தான். ‘எங்கிருந்து வருகிறீர்கள், ரொம்ப நேரமாக நிற்கிறீர்களா’ என்பதுதான் வழக்கமான தொடக்கம். கொடுக்கும் பூங்கொத்துகளை வாங்கிப் பின்னால் வரும் உதவியாளரிடம் தள்ளிவிட வேண்டும், அதற்காக முகத்தைத் திருப்பக் கூடாது. இத்தனைக்கும் நடுவே எதிரில் நிற்பவருக்குத் தன்னை மட்டுமே பார்த்தார் என்ற உணர்வு வர வேண்டும். அந்தச் சில நொடிகளை அவர் ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

சார்லஸின் முதல் மனைவி டயானாவிடம் அப்படி என்னதான் இருந்தது?

அழகு, உடை, வயது எல்லாம் இருந்தன. ஆனால் அவை மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டு கழித்து யாரும் பேசமாட்டார்கள்.

1983-இல் சார்லஸும் டயானாவும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். தெருவில் இறங்கி நடக்கும்போது டயானா எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் ஆரவாரம், சார்லஸ் பக்கம் நின்றவர்களிடம் ஏமாற்றப் பெருமூச்சு. பட்டத்து இளவரசர் அதைத் தன் காதால் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. அவர்கள் மணவாழ்க்கையில் விழுந்த விரிசல்களில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிரிவை அவர் திறந்துவைத்தார். தொட்டாலே அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த காலம் அது. நோயாளிகள் யாரும் படத்தில் வர விரும்பவில்லை. அடையாளம் தெரியாமல் எடுப்பதாக இருந்தால் சரி என்று ஒருவர் மட்டும் சம்மதித்தார். படத்தில் அவருடைய முதுகுதான் தெரியும். எதிரில் டயானா, கையுறை இல்லாத கை, அவர் கையைப் பற்றியபடி. அந்தக் காலத்தில் அரச மகளிர் வெளியே வரும்போது கையுறை அணிவது வழக்கம். அதைக் கழற்றிய அந்த ஒரு கை, எத்தனையோ விழிப்புணர்வு விளம்பரங்கள் செய்ய முடியாததைச் செய்தது. 1989-இல் இந்தோனேசியாவில் தொழுநோயாளிகளின் கைகளையும் அப்படியே பற்றினார்.

1997 ஜனவரியில் அங்கோலாவின் ஹுவாம்போ நகருக்கு அருகே, கண்ணிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருந்த நிலத்தில், மார்புக் கவசமும் முகத்தடுப்பும் அணிந்து நடந்தார். தேவையில்லாமல் அரசியலில் தலையிடுகிறார் என்று ஆளுங்கட்சி வட்டாரத்திலிருந்து குறை சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒட்டாவாவில் கையெழுத்தானது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2019-இல் மகன் ஹாரி அதே இடத்துக்குப் போனபோது அது ஜனநடமாட்டமுள்ள ஒரு தெருவாகியிருந்தது.

மற்றவர்கள் எதிரில் நிற்பவரிடம் மரியாதையோடு பேசினார்கள். டயானா உட்கார்ந்து, குனிந்து, தொட்டுப் பேசினார். தன் துயரத்தையும் மறைக்கவில்லை. 1995 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சிக்கு அவர் தந்த பேட்டியைப் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அந்தப் பேட்டியைப் பெற நிருபர் போலி ஆவணங்களைக் காட்டி ஏமாற்று வேலை செய்திருந்தார் என்று 2021-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. டயானா பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மக்கள் அவர் மேல் வைத்த அன்பை வியாபாரமாக்கியவர்கள்தான் கடைசி இரவுவரை அவரைத் துரத்தினார்கள்.

டயானா இறந்தபோது மக்கள் ராணிமீது கோபப்பட்டது ஏன்?

1997 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பாரிஸில் விபத்து. ராணி பால்மோரலில் இருந்தார். தாயை இழந்த பேரப்பிள்ளைகள் வில்லியமுக்கு 15 வயது, ஹாரிக்கு 12. அவர்களோடு இருப்பதுதான் முதல் கடமை என்று ராணி நினைத்தார். ஒரு பாட்டியாக அது சரிதான். ஆனால் லண்டனில் அரண்மனை வாசல்களில் பூக்கள் குவிந்துகொண்டிருந்தன, அரண்மனைக் கொடிக்கம்பமோ வெறுமையாக நின்றது. ராணி உள்ளே இருந்தால் மட்டும் அங்கே அரச கொடி பறக்கும், அதையும் யாருக்காகவும் பாதிக்கம்பத்தில் பறக்கவிடும் வழக்கம் இல்லை. மரபு தெரிந்தவர்களுக்கு அது சாதாரணம். தெருவில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. ‘எங்கள் ராணி எங்கே’ என்று பத்திரிகைகள் தலைப்பிலேயே கேட்டுவிட்டன.

செப்டம்பர் 5-ஆம் தேதி ராணி லண்டன் திரும்பினார், வாசலில் இறங்கிப் பூக்களைப் பார்த்தார், அன்று மாலை நேரலையில் பேசினார். மறுநாள் இறுதி ஊர்வலம் அரண்மனையைத் தாண்டியபோது வாசலில் நின்று தலை குனிந்தார். கொடிக்கம்பத்தில் பிரிட்டன் தேசியக் கொடி பாதியில் பறந்தது. கோபம் தணிந்தது. ஆறு வாரத்தில் அவர் இந்தியாவில் இருந்தார். அந்தப் பயணத்தில் சென்னைக்கும் வந்து, கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்தவனைப் பற்றிய கதையின் தொடக்க விழாவில் பிரிட்டன் ராணியே வந்து அமர்ந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

சார்லஸ் ஏன் தாயின் அளவுக்கு எட்டவில்லை?

காத்திருந்த காலம் முழுக்க அவர் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டடக்கலை, விவசாயம், மருத்துவம் என்று எதையும் விடவில்லை. கருத்துச் சொன்னால் எதிரிகளும் வருவார்கள். சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் பற்றி 1970-லேயே பேசியபோது கிறுக்கு என்றார்கள், இன்று அதே பேச்சு முன்யோசனையாகத் தெரிகிறது. வேலை இல்லாத இளைஞர்களுக்காக 1976-இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் டயானாவுக்கு நேர்ந்ததை ஒரு தலைமுறை மன்னிக்கவில்லை.

மன்னரான பிறகு அவர் மேல் கனிவு கூடியிருக்கிறது. 2024 ஜனவரியில் புராஸ்டேட் வீக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப்போவதை மறைக்காமல் சொன்னார். உடனே பிரிட்டன் பொது மருத்துவத் துறையின் இணையதளத்தில் அது பற்றித் தேடியவர்கள் பல மடங்கு கூடினார்கள். பிப்ரவரியில் புற்றுநோய் என்பதையும் அறிவித்தார். முந்தைய மன்னர்கள் உடல்நலக் குறைவை மூடிவைத்தவர்கள். அவர் தாத்தா ஆறாம் ஜார்ஜுக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்தது மக்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

கமிலாவை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்களா?

சார்லஸ், டயானா மணவாழ்க்கை முறியக் காரணம் என்று மக்கள் குறை சொன்னது இவரைத்தான். இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், வேறு வழியில்லாமல் கொஞ்சம், பழகிப்போனதால் மீதி. 2005-இல் திருமணம், 2023 மே 6-ஆம் தேதி முடிசூட்டு. நடுவில் பேட்டிகளில் தன்னை நியாயப்படுத்த முயலாமல் பொறுமையாக இருந்தார்.

இளவரசி ஆன் எப்படி இவ்வளவு மேலே வந்தார்? அவர் கறாரான ஆள் என்பார்களே?

கறாரானவர்தான். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்தவரும் அவர்தான். இளம்வயதில் பத்திரிகைக்காரர்கள் அவரை முசுடு என்று எழுதினார்கள். அவர் மாறவில்லை, நாட்டின் கண்தான் மாறியது.

1974 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் சாலையில் ஒருவன் துப்பாக்கியோடு அவர் காரை மறித்தான். பணயக்கைதியாகப் பிடித்துப் பணம் பறிப்பது அவன் திட்டம். பாதுகாவலர், ஓட்டுநர், போலீஸ்காரர், உதவிக்கு வந்த பத்திரிகையாளர் என நான்கு பேர் சுடப்பட்டார்கள். காரைவிட்டு இறங்கு என்று அவன் சொன்னபோது ஆன் திட்டவட்டமாக முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு வயது 23. இரண்டு ஆண்டுகள் கழித்து மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் பிரிட்டனுக்காகப் போட்டியிட்டார்.

‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்போடு 1970-இலிருந்து தொடர்பில் இருக்கிறார். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள், பெரும்பாலும் கேமரா வராத இடங்கள். பல ஆண்டுகளுக்கு முன் தைத்த கோட்டை இன்றும் போட்டுக்கொண்டு வருவார். தன் பிள்ளைகளுக்குப் பட்டம் எதுவும் வேண்டாம் என்று விட்டார். 2024 ஜனவரியில் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் போனார். கூட்டத்தை மயக்கும் வசீகரம் அவரிடம் இல்லை, ஆனால் அவர் நடிக்கிறார் என்று எவரும் சொன்னதில்லை.

வில்லியம், கேத்தரின் செல்வாக்கு உறுதியானதா?

இப்போதைக்கு உறுதி. ஆனால் இடறியதும் உண்டு. 2022 மார்ச்சில் கரீபியன் பயணம் போனார்கள். ஜமைக்காவில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குழந்தைகளின் விரல்களைத் தொட்ட படமும், திறந்த லேண்ட் ரோவர் வண்டியில் வெள்ளை உடையில் நின்றபடி அணிவகுப்பைப் பார்த்த படமும் வெளிவந்தன. லண்டனில் கம்பீரமாகத் தெரிந்திருக்கக்கூடிய காட்சி, அடிமை முறையின் நினைவு ஆறாத நாட்டில் காலனி ஆட்சிக் காலத்துப் படம்போலத் தெரிந்தது. நாங்கள் எங்கள் வழியில் போகப்போகிறோம் என்று ஜமைக்கா பிரதமர் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு நான்கு மாதம் முன்புதான் பார்படோஸ் குடியரசாகியிருந்தது.

2024 தொடக்கத்தில் கேத்தரின் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வெளியே வரவில்லை. வதந்திகள் பெருகின. மார்ச் 10-ஆம் தேதி, அங்கே அன்னையர் தினம், பிள்ளைகளோடு எடுத்த படத்தை வெளியிட்டார்கள். மகள் சார்லட்டின் கம்பளிச் சட்டைக் கைப்பகுதி மணிக்கட்டருகே பொருந்தாமல் இருந்தது. படம் திருத்தப்பட்டது என்று ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. மறுநாள் கேத்தரின் மன்னிப்புக் கேட்டார். 22-ஆம் தேதி தோட்டத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தனக்குப் புற்றுநோய் என்று காணொளியில் சொன்னார். கேலி செய்தவர்கள் பலர் வெட்கப்பட்டார்கள். ஒரு நோயாளித் தாய்க்கு அந்த நாட்களை உலகம் கொடுத்திருக்கக் கூடாது. 2025 ஜனவரியில், தான் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கே போய் மற்ற நோயாளிகளைச் சந்தித்து, நோய் தணிந்திருப்பதாக அறிவித்தார்.

ஹாரி ஒருகாலத்தில் செல்லப்பிள்ளையாக இருந்தாரே?

2018-இல் திருமணம் நடந்த நேரத்தில் ராணிக்கு இணையாகவே அவர் பெயர் இருந்தது. ஆப்கானிஸ்தானில் போரிட்ட வீரர், காயம்பட்ட படைவீரர்களுக்காக 2014-இல் இன்விக்டஸ் விளையாட்டுகளைத் தொடங்கியவர், தாயின் சிரிப்பு. 2020 ஜனவரியில் அரசப் பொறுப்புகளைவிட்டு விலகுவதாக அறிவித்தார், 2021 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் பேட்டி, 2023 ஜனவரியில் தன்வரலாறு. புத்தகம் முதல் நாளிலேயே ஆங்கிலத்தில் 14 லட்சம் பிரதிகள் விற்றது, அதே மாதம் பிரிட்டனில் அவர் மதிப்பு அதுவரை இல்லாத அளவுக்குச் சரிந்தது. வாங்கிப் படித்தவர்களுக்கு எல்லாம் அவரைப் பிடித்தது என்று பொருள் இல்லை.

ஆனால் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கறுப்பினத் தாயின் மகளான மேகன்மீது சில பிரிட்டிஷ் பத்திரிகைகள் காட்டிய வெறுப்பில் நிறவெறி கலந்திருந்தது. அதைச் சொன்னதற்காகவே அவர்கள்மேல் கோபப்பட்டவர்களும் உண்டு. இளையவர்கள் அவர்களைக் கொஞ்சம் கனிவோடு பார்ப்பதற்கு இதுவும் காரணம்.

ஆண்ட்ரூ?

1982 ஃபாக்லாந்து போரில் ஹெலிகாப்டர் ஓட்டித் திரும்பியபோது அவர் நாயகன். சிறுமிகள்மீதான பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு இருந்த நட்பைப் பற்றி 2019 நவம்பரில் பிபிசிக்குத் தந்த பேட்டியில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வருந்தவில்லை. சில நாளில் பொதுவாழ்விலிருந்து விலக நேர்ந்தது. தன்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார். 2025 அக்டோபரில் மன்னர் அவருடைய இளவரசர் பட்டத்தையும் நீக்க நடவடிக்கை எடுத்தார்.

அரச குடும்பச் செய்திகளில் எதை நம்புவது?

‘அரண்மனை வட்டாரம் தெரிவித்தது’, ‘நெருங்கிய நண்பர் சொன்னார்’ என்று தொடங்குபவற்றை எச்சரிக்கையோடு படியுங்கள். பெயர் சொல்லாத அந்த நண்பர் யாருக்காகப் பேசுகிறார் என்பது நமக்குத் தெரிய வழியில்லை. குடும்பத்தின் ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆளுக்குச் சாதகமான செய்தி வரவேண்டும் என்று பாடுபடுகிறது, அது இயல்பு. ஒரே ஒரு கருத்துக்கணிப்பை வைத்து ‘செல்வாக்கு சரிந்தது’ என்று எழுதினால், அதே நிறுவனம் அதே கேள்விக்கு முன்பு பெற்ற எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நேரடியாகப் பார்க்க ஆசைப்பட்டால் ‘கோர்ட் சர்குலர்’ என்ற அன்றாட அதிகாரப்பூர்வக் குறிப்பு இருக்கிறது. அரச குடும்பத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். யார் எந்த ஊருக்குப் போனார், எந்தப் பள்ளியைத் திறந்தார், எந்த மருத்துவமனையைப் பார்த்தார் என்று வறட்டு நடையில் எழுதியிருப்பார்கள். ஆன் பெயரைத் தேடிப் பாருங்கள், பல நாட்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் இருக்கும், அவற்றில் பல எந்தச் செய்தித்தாளிலும் வந்திருக்காது.